வீட்டுப் பெரியவர் நோயில் படுத்தால் காளையை வைப்பதா, விடுவதா?

காரைக்குடி, கோட்டையூர், பள்ளத்தூர், கானாடுகாத்தான் வட்டாரம் கண்மாய்த் தண்ணீரையும் வடகிழக்குப் பருவமழையையும் நம்பி வாழும் பூமியாகும். இங்குள்ள சிறு விவசாயிகள் பலர் கறவை மாட்டோடு மஞ்சுவிரட்டுக் காளை ஒன்றையோ, பந்தய வண்டி மாடுகளையோ வளர்த்து வருகின்றனர். சிலர் பந்தயத்துக்கெனக் குதிரையும் வைத்திருக்கின்றனர். இந்த உயிர்கள் பால் கறப்பதில்லை. அன்றாட வருமானமும் தருவதில்லை. ஆயினும் பிள்ளையைப் போல் வளர்க்கப்படுகின்றன.

இவற்றைப் பராமரிப்பவர் பெரும்பாலும் ஒரே ஆளாக இருப்பார். அவரே பக்கவாதத்திலோ, சிறுநீரகக் கோளாறிலோ, புற்றுநோயிலோ மாதக்கணக்கில் படுத்துவிட்டால் காளையின் கதி என்ன? வைத்துக் கொள்ளலாமா, விட்டுவிடலாமா? இது பாசத்தை அளக்கும் கேள்வி அன்று. காலையும் மாலையும் கயிறு பிடிக்க யார் இருக்கிறார்கள், எத்தனை மாதத்துக்கு இருக்கிறார்கள் என்பதே கேள்வி.

முதலில் மருத்துவரிடம் கேளுங்கள்

"எப்போது குணமாகும்?" என்று கேட்பதோடு நிற்காமல், "எப்போது மாட்டுக் கயிற்றைப் பிடிக்கலாம்?" என்றும் மருத்துவரிடம் கேட்க வேண்டும். இவ்விரண்டுக்கும் விடை வேறு வேறாக இருக்கும்.

சாதாரணக் காசநோய்க்கு மருந்துக் காலம் 6 மாதம். பக்கவாதம் வந்தவருக்குக் கை கால் தேறுவது பெரும்பாலும் முதல் 3 முதல் 6 மாதங்களில்தான். டயாலிசிஸ் செய்து கொள்பவர் பெரும்பாலும் வாரம் 2 அல்லது 3 நாள், ஒவ்வொரு முறையும் சுமார் 4 மணி நேரம் மருத்துவமனையில் இருக்க வேண்டும். இதற்காக இரத்தக் குழாயை இணைத்துத் தயார் செய்த கையால் பாரம் தூக்கக் கூடாது. அந்தக் கையில் கயிற்றைச் சுற்றிக் கொள்ளவே கூடாது. இரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவருக்குக் கொம்பு இலேசாக இடித்தாலும் உள்ளே இரத்தம் கசியக்கூடும். சர்க்கரை நோயால் பாதம் மரத்தவர் தொழுவத்தில் வெறுங்காலோடு நடந்தால், குளம்பு மிதித்த புண் கூடத் தெரியாமல் பழுத்துவிடும்.

புற்றுநோய் மருந்து ஏற்றிக் கொள்பவருக்கும் சிறுநீரகம் மாற்றிக் கொண்டவருக்கும் நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்திருக்கும். இவர்கள் சாணம் அள்ளுவதையும், மாட்டு மூத்திரம் தேங்கிய இடத்தில் நடப்பதையும் தவிர்க்க வேண்டும். எலிக்காய்ச்சல், படர்தாமரை போன்றவை கால்நடையிடமிருந்து மனிதருக்கு வரக்கூடியவை. கன்று வீசிய மாட்டின் நஞ்சுக்கொடியைத் தொடுவது இவர்களுக்கு மிகவும் ஆபத்தானது. மூச்சுக் கோளாறு உள்ளவர் பூசணம் பிடித்த வைக்கோலை உதறக் கூடாது. ஆனால், இதற்காகக் காளையை வீட்டை விட்டே அனுப்ப வேண்டும் என்பதில்லை. வேலையை வேறொருவர் செய்தால் போதும். நோயாளி எட்ட இருந்து பார்த்துக் கொண்டிருக்கலாம்.

அடுத்தது தீனிக் கணக்கு

சுமார் 350 கிலோ எடையுள்ள காளைக்கு நாளொன்றுக்கு 6 கிலோ வைக்கோல், 15 கிலோ பசுந்தீவனம், 1 கிலோ அடர்தீவனம், 40 லிட்டர் தண்ணீர் என்று தோராயமாகக் கொள்ளலாம். ஆறு மாதத்துக்கு வைக்கோல் மட்டும் ஒரு டன்னுக்கு மேல் ஆகும். தை, மாசியில் அறுவடை முடிந்தவுடன் சேர்த்து வைத்திருந்தால் கவலையில்லை. சித்திரைக்கு மேல் விலைக்கு வாங்க வேண்டியிருந்தால், அதே நேரத்தில் மருத்துவச் செலவும் வந்து நெருக்கும்.

வேலை நேரத்தையும் கணக்கிட வேண்டும். தீனி போடுவது, தண்ணீர் காட்டுவது, சாணம் அள்ளுவது ஆகியவற்றுக்கு நாளொன்றுக்கு ஒன்றரை மணி நேரமாவது பிடிக்கும். நடைப் பயிற்சி, நீச்சல், மண் குத்தவிடுதல் ஆகியவை சேர்ந்தால் மூன்று மணி நேரம். நோயாளிக்குத் துணையாக மருத்துவமனைக்குப் போகிறவரே இதையும் செய்ய வேண்டும் என்றால், இரண்டில் ஒன்று கெட்டுவிடும். பெரும்பாலும் அந்தச் சுமை வீட்டுப் பெண்கள் தலையில்தான் விழுகிறது. ஆகவே, முடிவெடுக்கும்போது அவர்களைக் கட்டாயம் கலந்து கொள்ள வேண்டும்.

ஒரு தாளில் இரண்டு பெயர்களை எழுதுங்கள்: காலை வேளைக்கு ஒருவர், மாலை வேளைக்கு ஒருவர். அவர்கள் வர இயலாத நாளுக்கு மூன்றாவதாக ஒருவர். மருத்துவர் சொன்ன மாதங்கள் முழுவதும் இப்பெயர்கள் நிற்குமானால் காளையை வைத்துக் கொள்ளலாம். "யாராவது பார்த்துக் கொள்வார்கள்" என்று எழுத வேண்டி வந்தால் வைத்துக் கொள்ளக் கூடாது.

வைத்துக் கொள்வதானால்

மஞ்சுவிரட்டுக் காளையை ஒரு பருவம் அவிழ்க்காமல் நிறுத்தி வைப்பதில் தவறில்லை. பயிற்சியை நிறுத்தும்போது பருத்திக்கொட்டை, புண்ணாக்கு, தானியம் ஆகியவற்றைப் படிப்படியாகக் குறைத்து, வைக்கோலும் பசுந்தீவனமும் மட்டும் குறையாமல் பார்த்துக் கொள்ள வேண்டும். தினமும் ஒரு வேளையாவது நடத்திச் செல்ல வேண்டும். கட்டுத்தறியிலேயே நிற்கும் காளைக்கு முரட்டுத்தனம் கூடும்.

ஒரே ஆளிடம் பழகிய காளை, புது ஆளைக் கண்டால் முட்ட வரும். எனவே பழைய ஆள் எழுந்து உட்கார முடிகிற நாட்களிலேயே, அவர் குரல் கேட்கும் தூரத்தில் புது ஆள் இரண்டு வாரமாவது தன் கையால் தீனி போட்டுப் பழக்க வேண்டும். அதுவரை மூக்கணாங்கயிற்றை இருவர் பிடிப்பது நலம். காளைக்கு உடல் நலம் குன்றினால் 1962 என்ற எண்ணில் அழைத்து நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்தியை வரவழைக்கலாம்.

குதிரை வைத்திருப்போர் கவனத்துக்கு

அய்யனார் கோயில் புரவி எடுப்புக்குச் செய்யும் மண் குதிரைக்குத் தீனி வேண்டாம். உயிருள்ள குதிரையோ மாட்டை விடக் கூடுதல் கவனம் கேட்கும். குதிரைக்கு இரைப்பை சிறியது. அதற்கு வாந்தியும் வராது. ஆதலால் கொஞ்சம் கொஞ்சமாகப் பல வேளை தீனி போட வேண்டும். மொத்தமாகப் போட்டால் வயிற்று வலி வந்து உயிருக்கே ஆபத்தாகும். 300 கிலோ குதிரைக்கு நாளொன்றுக்கு சுமார் 6 கிலோ உலர்ந்த தீனி தேவை. 6 முதல் 8 வாரத்துக்கு ஒரு முறை குளம்பைச் சீவ வேண்டும்.

வேலையில்லாமல் நிற்கும் குதிரைக்கு வழக்கமான கொள்ளைப் போடக் கூடாது. அப்படிப் போட்டுவிட்டுத் திடீரென வண்டியில் பூட்டினால், தொடைச் சதை இறுகிக் குதிரை நடக்க முடியாமல் நின்றுவிடும். இதெல்லாம் தெரிந்த வேறொரு ஆள் வீட்டில் இல்லையென்றால், மாட்டைப் போல் குதிரையைப் பக்கத்து வீட்டாரிடம் ஒப்படைக்க இயலாது. குதிரை விஷயத்தில் முடிவைத் தள்ளிப் போடாமல் இருப்பதே நல்லது.

இடையில் ஒரு வழி உண்டு

விற்பது, வைத்திருப்பது என்ற இரண்டைத் தவிர மூன்றாவது வழி, உறவினரிடமோ காளை வளர்த்துப் பழகியவரிடமோ ஒப்படைப்பது. ஆடு, மாடுகளை வாரத்துக்கு விடுவது நம் நாட்டில் பழைய வழக்கமே. ஆனால் வாய்ப்பேச்சோடு விடக் கூடாது. தீனிச் செலவும் மருத்துவச் செலவும் யாருடையவை, களத்தில் கிடைக்கும் பரிசு யாருக்கு, இறந்துபோனால் என்ன செய்வது, எந்த மாதம் திருப்பி வாங்குவது ஆகியவற்றை எழுதி இருவரும் கையெழுத்திட வேண்டும். காதில் போட்டுள்ள 12 இலக்க எண்ணையும் குறித்துக் கொள்ளுங்கள். காப்பீடு செய்திருந்தால் நிறுவனத்துக்கும் தகவல் தர வேண்டும். கோயிலுக்கு நேர்ந்து விட்டால் பொறுப்பு தீர்ந்தது என்று எண்ணவும் கூடாது. அங்கே தினமும் தீனி போடுபவர் யார் என்று கேட்டறிந்த பின்னரே விட வேண்டும்.

விடுவதானால்

2014 மே மாதம் உச்ச நீதிமன்றம் ஜல்லிக்கட்டுக்குத் தடை விதித்தது. 2017 ஜனவரியில் தமிழக அரசு தனிச் சட்டம் கொண்டு வந்த பிறகே காளைகள் மீண்டும் வாடிவாசலுக்கு வந்தன. 2023 மே மாதம் அச்சட்டம் செல்லும் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தடை இருந்த ஆண்டுகளில் பல வீடுகளின் காளைகள் சந்தைக்குப் போயின. நெருக்கடியில் விற்பவனுக்கு விலையைச் சொல்பவன் வாங்குகிறவனே என்பது அப்போது கண்ட பாடம். நோய்க்கும் இது பொருந்தும். காளை இளைத்து எலும்பு தெரிந்த பிறகு ஓட்டிச் சென்றால் அடிமாட்டு விலைதான் கிடைக்கும். விடுவது என்று முடிவானால், உடம்பு குறையாமல் இருக்கும்போதே, முடிந்தால் தைக்கு முன்னரே, வளர்க்கிற ஆளைத் தேடிக் கொடுத்துவிட வேண்டும். சேர்ந்து பழகிய ஜோடி மாடுகளைப் பிரித்து விற்க வேண்டாம்.

மருத்துவச் செலவுக்காகவே விற்க நினைப்பவர்கள், முதலில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை வீட்டில் உள்ளதா என்று பாருங்கள். ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சைக்கு வழியுண்டு. 2021இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரைகளும் இயன்முறை சிகிச்சையும் வீட்டுக்கே வருகின்றன. அட்டை இருப்பது தெரியாமல் காளையை விற்றுவிட்டுப் பிறகு வருந்திப் பயனில்லை.

நோயாளியைக் கேட்காமல் செய்யாதீர்கள்

மருத்துவமனையிலிருந்து திரும்பி வரும்போது கட்டுத்தறி காலியாக இருந்தால், அந்த அதிர்ச்சி நோயை விடக் கொடியது. அவர் நலனுக்காகத்தான் விற்றோம் என்று பிள்ளைகள் சொல்வார்கள். ஆயினும், எதையும் தீர்மானிக்கும் உரிமை தன்னை விட்டுப் போய்விட்டது என்றே அவருக்குத் தோன்றும். பேச முடிகிற நிலையில் இருக்கும்போதே அவரிடம் கணக்கைக் காட்டி, அவர் வாயாலேயே முடிவைப் பெற வேண்டும்.

நோய் தீராது என்று தெரிந்துவிட்டால் இது இன்னும் அவசியமாகிறது. கயிறு பிடிக்க ஆள் இருக்குமானால், கட்டிலிலிருந்து பார்க்கும் தூரத்தில் காளை நிற்பது அவருக்குப் பெரிய ஆறுதல். ஆனால் தமக்குப் பின் அது யாரிடம் போக வேண்டும் என்பதை அவரே சொல்லிவிட வேண்டும். இத்தனை காலம் வளர்த்தவர் தாமே நல்ல கையைத் தேர்ந்தெடுத்துக் கயிற்றைக் கொடுப்பது, காளையைக் கைவிடுவது ஆகாது. அதற்குச் செய்யும் கடைசிப் பராமரிப்பும் அதுவே ஆகும்.