தானாக அணைந்து எழும் கணினி: 'ஃபார்மட்' செய்யுமுன் பார்க்க வேண்டியவை

பள்ளி இடுபணியைத் தட்டச்சு செய்து முடித்து, சேமிக்கப் போகும் நேரம் பார்த்துத் திரை நீலமாகிறது. அதில் என்ன எழுதியிருக்கிறது என்று படிப்பதற்குள் கணினி தானே அணைந்து, தானே எழுந்து, ஒன்றுமே நடக்காததுபோல் முகப்பைக் காட்டுகிறது. பத்து நிமிடத்தில் மறுபடியும் அதே கதை. வீட்டில் யாராவது ஒருவர் "வைரஸ்தான்" என்பார். கடைக்குக் கொண்டு போனால், மூடியைத் திறந்தும் பாராமல் "ஃபார்மட் செய்தால் சரியாகிவிடும்" என்று சொல்பவர்களும் உண்டு.

ஃபார்மட் என்றால் வன்தட்டில் உள்ளதைத் துடைத்துவிட்டு விண்டோஸைப் புதிதாக ஏற்றுவது. மறைந்த பாட்டியின் படங்கள், மகன் மூன்று வயதில் பாடியதைப் பதிவு செய்த கோப்பு எல்லாம் அதோடு போய்விடும். கோளாறு மின்சாரப் பெட்டியிலோ நினைவகத்திலோ இருந்தால், பணமும் போய், படங்களும் போய், கணினி மட்டும் பழையபடி அணைந்து அணைந்து எழும். ஆகவே என்ன கோளாறு என்று தெரிவதற்கு முன்பே மருந்து கொடுக்க யாரையும் அனுமதிக்க வேண்டியதில்லை.

வைரஸ் மீது பழி போடும் வழக்கத்துக்கு ஒரு காரணம் உண்டு. 2003 ஆகஸ்டில் 'பிளாஸ்டர்' என்ற புழு நிரல் உலகெங்கும் பரவியது. விண்டோஸ் எக்ஸ்பி கணினிகளில் 60 விநாடி என்று பின்னோக்கி எண்ணும் ஒரு சிறு பெட்டி தோன்றும். எண்ணி முடிந்ததும் கணினி அணைந்து மீண்டும் எழும். மறு ஆண்டு 'சாஸர்' வந்து அதையே செய்தது. அப்போது பட்ட சூடு பலருக்கு இன்னும் ஆறவில்லை. ஆனால் இன்றைய தீய நிரல்கள் பெரும்பாலும் ஒளிந்திருந்து கடவுச்சொல்லைத் திருடப் பார்ப்பவை. வீட்டுக்காரருக்குச் சந்தேகம் வராமல் கணினி நன்றாக ஓட வேண்டும் என்பதுதான் அவற்றின் விருப்பம். 2024 ஜூலை 19ஆம் தேதி உலகம் முழுவதும் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் முடங்கி, சாங்கி விமான நிலையத்தில் சில விமான நிறுவனங்களின் பயணிகள் கையால் எழுதிப் பதிய வேண்டி வந்ததே, அதற்கும் வைரஸ் காரணமல்ல. வைரஸைத் தடுக்கும் மென்பொருள் ஒன்றின் பிழையான புதுப்பிப்புதான் காரணம்.

முதலில் கோப்புகள்

கணினி இடையிடையே ஓடுகிறது என்றால், ஓடும் அந்த நேரத்தைக் கோளாறைத் தேடுவதில் செலவிடக் கூடாது. முதலில் படங்களையும் ஆவணங்களையும் வெளியே உள்ள தட்டு ஒன்றுக்கு நகலெடுக்க வேண்டும். மொத்தமாக எடுக்கையில் அணைந்து போனால், சிறு சிறு பகுதியாக எடுக்கலாம். கணினி எழவே இல்லை என்றாலும் வன்தட்டைக் கழற்றி, யுஎஸ்பி இணைப்பி வழியாக வேறு கணினியில் மாட்டிப் படிக்க முடியும். கணினி கெட்டது என்பதற்காகத் தட்டும் கெட்டுவிட்டது என்று பொருளில்லை.

புதிய விண்டோஸ் 11 கணினிகள் பலவற்றில் தட்டு தானாகவே பூட்டப்பட்டிருக்கும். 'பிட்லாக்கர்' எனப்படும் அந்தப் பூட்டின் மீட்பு எண் 48 இலக்கம் கொண்டது. அது பெரும்பாலும் உரியவரின் மைக்ரோசாப்ட் கணக்கில் இருக்கும். அதை இன்றே எடுத்துத் தாளில் எழுதி வைப்பது நல்லது. அந்த எண் இல்லாவிட்டால் கைதேர்ந்த பழுதுபார்ப்பாளராலும் ஒன்றும் செய்ய இயலாது.

நீலத் திரையைப் படிக்க விடுங்கள்

நீலத் திரை (2025இல் வந்த விண்டோஸ் 11 புதுப்பிப்புக்குப் பிறகு அது கறுப்புத் திரை) உண்மையில் உதவி செய்யத்தான் வருகிறது. எந்த இடத்தில் தடுக்கி விழுந்தது என்பதை அது எழுதிக் காட்டும். ஆனால் உடனே தானாக எழும்படி விண்டோஸ் அமைக்கப்பட்டிருப்பதால் படிக்க நேரமில்லை. தேடும் பெட்டியில் 'வியூ அட்வான்ஸ்ட் சிஸ்டம் செட்டிங்ஸ்' என்று ஆங்கிலத்தில் தட்டினால் ஒரு பெட்டி வரும். அதில் 'ஸ்டார்ட்அப் அண்ட் ரிகவரி' பகுதியில் 'ஆட்டோமேட்டிகலி ரீஸ்டார்ட்' என்பதற்கு எதிரே உள்ள குறியை எடுத்துவிட்டால் போதும். அடுத்த முறை திரை நின்று காத்திருக்கும். கைப்பேசியில் படம் பிடித்துக்கொள்ளலாம்.

இதில்தான் விஷயமே இருக்கிறது. குறியை எடுத்த பிறகும் எந்தத் திரையும் வராமல், விளக்கை அணைத்ததுபோல் சட்டென்று கணினி நின்றுவிட்டால், கோளாறு நடந்ததே விண்டோஸுக்குத் தெரியவில்லை என்று பொருள். அப்படியானால் மின்சாரம் அல்லது வெப்பத்தைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். விண்டோஸின் நிகழ்வுப் பதிவேட்டில் அப்போது 'கெர்னல் பவர் 41' என்று ஒரு குறிப்பு இருக்கும். அதைக் கண்டு பயப்பட வேண்டாம். முறையாக அணைக்கப்படாமல் நின்றது என்பதை மட்டுமே அது சொல்கிறது. ஏன் நின்றது என்று சொல்லவில்லை.

ஒவ்வொரு முறையும் ஒரே பெயரில் நீலத் திரை வந்தால், அண்மையில் சேர்த்த மென்பொருள் அல்லது அச்சுப்பொறி, வரைகலை அட்டை போன்றவற்றின் இயக்கி நிரல் காரணமாக இருக்கலாம். 'ரிலையபிலிட்டி ஹிஸ்டரி' என்று தேடினால் எந்த நாளில் என்ன சேர்க்கப்பட்டது, எந்த நாளிலிருந்து விழத் தொடங்கியது என்பது நாட்காட்டிபோல் தெரியும். அன்று சேர்த்ததை நீக்கிப் பார்க்கலாம்.

வெப்பம்

நம் ஊர் வெப்பத்திலும் ஈரத்திலும் கணினி படும் பாடு கொஞ்சமல்ல. பல வீடுகளில் கணினி மேசை சமையலறைக்குப் பக்கத்திலோ சாமி மாடத்துக்குக் கீழேயோ இருக்கும். தாளிக்கும் எண்ணெய்ப் புகை, ஊதுபத்தி, சாம்பிராணி எல்லாம் தூசோடு சேர்ந்து பிசினாகி விசிறியிலும் உலோகத் தகடுகளிலும் படிகிறது. செயலியின் வெப்பம் வெளியேற வழியில்லாமல் போகிறது. சுமார் 100 பாகை செல்சியஸை நெருங்கும்போது செயலி முதலில் தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அதற்கும் மேல் போனால் தன்னைக் காத்துக்கொள்ள அணைந்துவிடும். விளையாடும்போதும் காணொளி தொகுக்கும்போதும் மட்டும் அணைவது, அணைந்தபின் சற்று ஆறினால்தான் மறுபடி ஓடுவது, இவை இரண்டும் வெப்பத்தின் அடையாளம்.

மின்சாரக் கம்பியைச் சுவரிலிருந்து பிடுங்கிவிட்டு, பக்க மூடியைக் கழற்றி, புதிய பெயிண்ட் தூரிகையாலோ காற்றடிக்கும் டப்பாவாலோ தூசை எடுக்கலாம். காற்றடிக்கும்போது விசிறி சுழலாமல் விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும். பல ஆண்டுக் கணினியாக இருந்தால் செயலிக்கும் தகட்டுக்கும் நடுவே உள்ள வெப்பப் பசை காய்ந்திருக்கும். அதைப் புதிதாகப் பூசுவதற்குக் கடையில் அதிகம் செலவாகாது. மடிக்கணினியை மெத்தைமேல் வைத்து வேலை செய்பவர்கள் அதன் காற்றுத் துளைகளைத் தாங்களே அடைக்கிறார்கள்.

மின்சாரம்

வெப்பத்துக்கு அடுத்த சந்தேகம் மின்சாரப் பெட்டி. கணினி பரபரப்பாக வேலை செய்யத் தொடங்கும் அந்த நொடியில் அணைந்து, அந்த நொடியே எழுந்தால், பெட்டியால் சுமை தாங்க முடியவில்லை என்று கொள்ளலாம். ஆனால் அதை மாற்றுவதற்கு முன் சுவர்ச் செருகியைப் பார்க்க வேண்டும். ஒரே நீட்டிப்புப் பலகையில் கணினி, மின்விசிறி, இஸ்திரிப் பெட்டி என்று எல்லாம் மாட்டியிருந்தால், கணினியை மட்டும் நேரடியாகச் சுவரில் செருகி ஒரு நாள் ஓட்டிப் பார்க்கலாம். செலவில்லாத சோதனை இது.

மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் பருவமழைகளுக்கு இடைப்பட்ட ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பரிலும் இடிமின்னல் அதிகம். இடிக்கு மறுநாளிலிருந்து தொல்லை தொடங்கியது என்றால் கடைக்காரரிடம் அதை மறக்காமல் சொல்ல வேண்டும். இடி இடிக்கும்போது மின்கம்பியை மட்டுமல்ல, இணையக் கம்பியையும் பிடுங்க வேண்டும். மின்னல் அதன் வழியாகவும் வரும். எறும்பும் பல்லியும் சூடு தேடிப் பெட்டிக்குள் புகுவதும் இங்கே புதிதல்ல.

மின்சாரப் பெட்டியை மட்டும் யாரும் வீட்டில் திறக்கக் கூடாது. செருகியைப் பிடுங்கிய பிறகும் அதன் மின்தேக்கிகளில் 300 வோல்ட்டுக்கு மேல் தேங்கியிருக்கலாம். அதைப் பழுது பார்ப்பதில்லை, மாற்றுவதுதான். மடிக்கணினியின் மின்கலம் உப்பியிருந்தால் உடனே பயன்பாட்டை நிறுத்த வேண்டும்.

நினைவகம்

ஒரு முறை ஒரு பெயர், அடுத்த முறை வேறொரு பெயர் என்று நீலத் திரை மாறி மாறி வந்தால் நினைவக அட்டையைச் சோதிக்கலாம். 'விண்டோஸ் மெமரி டயக்னோஸ்டிக்' கணினியிலேயே இருக்கிறது. அது பிழை காட்டினால் ஐயமில்லை. காட்டாவிட்டாலும் முழுதாக நம்புவதற்கில்லை. இரண்டு அட்டை இருந்தால் ஒன்றைக் கழற்றி ஒரு நாள் ஓட்டிவிட்டு, பிறகு மற்றதை மாட்டிப் பார்ப்பது இன்னும் தெளிவான வழி. சில சமயம் கழற்றி, அதன் பொன்னிற முனைகளை மென்மையான அழிப்பானால் துடைத்து மறுபடி அழுத்திச் செருகினாலே சரியாகிவிடும்.

எல்லாம் சரியாக இருந்தும், இன்டெல் 13 அல்லது 14ஆம் தலைமுறை மேசைக் கணினி தொடர்ந்து விழுந்தால், அந்தச் செயலிகளில் மின்னழுத்தக் கோளாறு இருந்ததை அந்நிறுவனமே 2024இல் ஒப்புக்கொண்டு, உத்தரவாதத்தையும் மேலும் 2 ஆண்டுகள் நீட்டித்தது என்பதை நினைவில் கொள்ளலாம். பயாஸ் புதுப்பிப்பு இனிமேல் வரும் சேதத்தைத் தடுக்கும்; ஏற்கெனவே கெட்ட செயலியைச் சரியாக்காது, மாற்றித்தான் வாங்க வேண்டும்.

கடைக்குப் போகும்போது

லோ யாட் பிளாசாவோ சிம் லிம் ஸ்குவேரோ பேட்டைக் கடையோ, எங்கு கொண்டு போனாலும் கையில் ஒரு தாள் இருக்கட்டும். எப்போது தொடங்கியது, எந்த வேலையின்போது அணைகிறது, திரையில் என்ன வந்தது, வீட்டில் எதையெல்லாம் சோதித்தாயிற்று என்பதை அதில் எழுதிக் கொடுக்கலாம். பழுதுபார்ப்பவரின் நேரம் மிச்சமாகும். விவரம் தெரிந்தவர் என்று அவருக்கும் புரியும். கேட்காமல் ஃபார்மட் செய்யக் கூடாது என்பதை ரசீதிலேயே எழுதச் சொல்ல வேண்டும். மாற்றிய பழைய பாகத்தைத் திருப்பிக் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும்.

வாங்கிச் சில மாதங்களே ஆன கணினி என்றால் திருகாணியில் கை வைக்கவே வேண்டாம். சிங்கப்பூரில் 2012 செப்டம்பர் முதல் நடப்பில் உள்ள சட்டப்படி, வாங்கிய 6 மாதத்துக்குள் வெளிப்படும் குறை வாங்கும்போதே இருந்ததாகக் கருதப்படும். அப்படி இல்லை என்று காட்ட வேண்டியது கடைக்காரர் பொறுப்பு. மலேசியாவில் 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கையைப் பயனீட்டாளர் நடுவர் மன்றத்துக்கு வழக்கறிஞர் இல்லாமலே கொண்டு போகலாம். இரண்டுக்கும் ரசீது வேண்டும். கடைகளில் தரும் ரசீதுகள் பலவும் வெப்பத்தாளில் அச்சானவை. சில மாதங்களில் எழுத்து மறைந்துவிடும். வாங்கிய அன்றே படம் பிடித்து வைக்க வேண்டும், அந்தக் கணினியில் அல்ல, கைப்பேசியில்.