அலங்காரம் எங்கே இருக்க வேண்டும்?

வலைப்பக்கத்தைத் திறந்தவுடன் நம் கண்ணில் படுகிற எழுத்தின் நிறமும் அளவும், பத்திகளுக்கிடையே விட்ட வெற்றிடமும், அதில் அடங்கிய விஷயத்தோடு கூடப் பிறந்தவையல்ல. பின்னர் பூட்டப்பட்ட ஆபரணங்கள். 1990-களின் நடுவில் அவற்றைத் தலைப்புக்குத் தலைப்பு 'ஃபாண்ட்' என்ற குறியிட்டுப் பூட்டிவந்தார்கள். இருநூறு பக்கங்களில் சிவப்பாயிருந்த தலைப்புகளை நீலமாக்க விரும்பினால், இருநூறையும் திறந்து திருத்துவதன்றி வேறு உபாயமில்லை.

இதற்குப் பரிகாரமாக, ஜெனீவாவுக்கு அருகிலுள்ள செர்ன் ஆராய்ச்சி நிலையத்தில் இருந்த ஹாக்கோன் வியம் லீ 1994 அக்டோபரில் வெளியிட்ட யோசனையே, பெர்ட் போஸின் துணையோடு வளர்ந்து, 1996 டிசம்பரில் அங்கீகாரம் பெற்ற சி.எஸ்.எஸ். அலங்கார விதிகள் தனி ஏட்டில் நிற்கும்; பக்கங்கள் எத்தனையானாலும் அந்த ஓர் ஏட்டைப் பார்த்தே உடுத்திக்கொள்ளும். அந்த முதல் வரைவில் வாசிப்பவர் தம் விருப்பத்தை முன்னதாகச் சொல்லிவிட்டு, மிச்சமுள்ள அதிகாரத்தை மட்டும், நூற்றுக்கு இத்தனை என்று, பக்கத்தை ஆக்கியவரிடம் விடலாம் என்றிருந்தது; அந்தக் கணக்கு நிலைக்காமற் போயினும், வாசிப்பவரையும் நினைத்து எழுதிய அந்தப் பெருந்தன்மையை நான் மிகவும் மதிக்கிறேன்.

ஆனால் பல கைகள் ஒரே ஏட்டில் எழுதத் தொடங்கினால் விபரீதம் விளைகிறது. எந்த விதியை எந்தப் பக்கம் நம்பியிருக்கிறதென்று தெரியாமையால் ஒருவரும் ஒரு வரியையும் நீக்கத் துணிவதில்லை. ஏடு வருஷந்தோறும் பருத்துக்கொண்டே போகிறது. இதற்கு மாற்றாக, 2017-இல் ஆடம் வாதன் வெளியிட்ட டெய்ல்விண்ட் என்ற சி.எஸ்.எஸ். தொகுப்பு, அலங்காரத்தைக் குறிக்கும் சிறு சிறு பெயர்களைப் பக்கத்தின் அந்தந்த உறுப்பின்மீதே எழுதச் சொல்கிறது. 'பி-4' என்றால் உட்புறம் நாற்புறமும், சாதாரணமாக, 16 பிக்செல் இடைவெளி. பழைய ஃபாண்ட் குறியே திரும்பிவிட்டதென்று குறை கூறுவது நியாயமன்று. இந்த அளவுகள் பொதுவான ஓர் அட்டவணையிலிருந்து வருகின்றன, உறுப்பை நீக்கினால் அதன் அலங்காரமும் உடன் போய்விடுகிறது. ஐம்பது பேர் கூடி உழைக்கும் ஸ்தாபனத்துக்கு நான் இதையே சிபாரிசு செய்வேன்.

கட்டுரைகளே பிரதானமான சிறு தளத்துக்கோ தனி ஏடுதான் உசிதம். 'கூ', 'மூ' போன்றவற்றின் சுழிகள் அடுத்த வரியின் 'நீ', 'பீ' ஆகியவற்றின் கொக்கிகளை இடிக்காதிருக்க, தமிழ்ப் பத்திகளுக்கு வரியிடைவெளி சற்றுத் தாராளமாகவே வேண்டும். வரியின் உயரம் 1.7 என்று ஏட்டில், பக்கம் முழுமைக்குமாக, ஒரே ஒரு முறை எழுதிவிட்டால், அது தகப்பன் சொத்துப் போல உள்ளிருக்கும் பத்திகளுக்கெல்லாம் இறங்கி, கணினி நுட்பம் எதுவும் அறியாத ஆசிரியர் நாளை எழுதப்போகும் கட்டுரைக்கும் போய்ச் சேர்கிறது.