சம்பளம் பேசுதல்

சென்ற கோடை விடுமுறையில் கொட்டாம்பட்டியிலுள்ள எங்கள் இல்லத்தில் ஒரே பேச்சாயிருந்தது. பட்டம் பெற்ற என் தமையனார்க்கு மதுரையிலுள்ள தனியார் நிறுவனமொன்று மாதம் 12,000 ரூபாய் சம்பளத்தில் வேலை தருவதாகக் கடிதம் விடுத்திருந்தது. "இருக்கிறதை விட்டுப் பறக்கிறதைப் பிடிக்காதே" என்றார் தந்தையார். "அழுத பிள்ளை பால் குடிக்கும், கேட்டுப் பார்" என்றார் தாய்மாமன். இவ்விரண்டனுள் எது தக்கது என ஆராய்வாம்.

தொகையை மட்டும் நோக்கி ஒரு சம்பளத்தைக் குறைவெனத் துணிதல் இயலாது. 1904-ஆம் ஆண்டில் மதுரைச் சேதுபதி உயர்நிலைப் பள்ளியில் தமிழாசிரியராயமர்ந்த பாரதியார் பெற்றது மாதம் பதினேழரை ரூபாய். சில திங்களில் அவர் சென்னைக்குச் சுதேசமித்திரன் பணிக்குச் சென்றுவிட்டார். கணித மேதை இராமானுஜன் 1912-இல் சென்னைத் துறைமுக டிரஸ்டில் 30 ரூபாய்க்கு எழுத்தரானார். ஆயினும் அவ்வலுவலகத்தில் கணிதமறிந்த நாராயண ஐயரும், தலைவர் ஸ்பிரிங் துரையும் அவர்க்குத் துணைநின்றனர். 1913-இல் சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் உதவித்தொகை அளித்தது. அத்தகையோர் உள்ள இடமாயின், சிறு சம்பளத்தையும் மறுபேச்சின்றிக் கொள்ளலாம் என்பது என் கருத்து.

இனி, கேட்டவர் ஒருவரைக் காண்போம். ஜகதீச சந்திர போஸ் 1885-இல் கல்கத்தா பிரசிடென்சிக் கல்லூரியில் பௌதிக ஆசிரியரானார். ஐரோப்பிய ஆசிரியர் பெற்றதில் மூன்றில் இரண்டு பங்கே அந்நாளில் இந்தியர்க்குரியது. போஸின் நியமனம் தற்காலிகமென்று அதிலும் பாதியைக் குறைத்தனர். அவர் வேலையை விடவுமில்லை, அச்சம்பளத்தைத் தொடவுமில்லை. வீட்டிலோ தந்தையார் பட்ட கடன்! மூன்றாண்டுகள் ஊதியமின்றிக் கற்பித்தபின், முழுச் சம்பளமும் பழைய பாக்கியோடு அவர்க்கு வழங்கப்பெற்றது. மூன்று திங்கள்கூட நம்மனோர் அங்ஙனம் தாங்குதல் அரிது. எனினும் ஒன்று நோக்குக: தம் வறுமையை அவர் காரணமாகக் காட்டினாரல்லர், ஒரே வேலைக்கு ஒரே ஊதியம் என்றே நின்றார். மாமன் கூறிய அழுகை வேறு, இக்கேள்வி வேறு.

கேட்குமுன் கணக்கிடல் வேண்டும். அடிப்படைச் சம்பளமே 12,000 ரூபாய் எனின், வருங்கால வைப்பு நிதிக்கு நூற்றுக்கு 12 வீதம் 1,440 ரூபாயும், தொழிலாளர் ஈட்டுறுதிக்கு முக்கால் வீதம் 90 ரூபாயும் பிடிபடும். கைக்கு வருவது 10,470. நிறுவனம் செலுத்தவேண்டிய பங்கையும் அந்த 12,000-க்குள்ளேயே அடக்கிக் காட்டுவாரும் உளர். அப்போது இன்னும் குறையும். இதனைக் கேட்டறிதற்கு நாணுதல் வேண்டா. கேட்கும் காலமும் ஒன்றுண்டு: கடிதம் வந்தபின், ஒப்பமிடுமுன். இதற்குக் கீழ் ஒப்பேன் என்னும் எல்லைத் தொகையை முன்னரே மனத்தில் வரைந்துகொள்ளாதவன், எதிரிலிருப்பவர் புன்னகைத்த அளவிலேயே இணங்கிவிடுவான்.

தமையனார், அதே வேலைக்கு மதுரையில் பிறர் பெறுவதை விசாரித்து, 15,000 ரூபாய் கேட்டு எழுதினார். நான்கு நாள் மறுமொழி இல்லை. தந்தையார் அந்நாட்களில் அவரோடு பேசவில்லை. ஐந்தாம் நாள், 13,000 ரூபாய் தருவதாகவும், ஆறு திங்கள் கழித்து உயர்த்துவதாகவும் தொலைபேசியில் கூறினர். பின்னதையும் எழுத்தில் தருமாறு வேண்டிப் பெற்ற பின்னரே அவர் ஒப்பமிட்டார். ஆடியிலிருந்து நாள்தோறும் மேலூர் வழியாகப் பேருந்தில் போய்வருகிறார். அவ்வாறு திங்கள் தையில் நிறைகின்றது.