எடையைக் குறைக்கத் தண்ணீரை நிறுத்தலாமா?

சித்திரை மாதத்து மத்தியானம் எங்கள் ஆனைக்குட்டத்தில் காக்கைகூட வெளியே தலைகாட்டாது. அந்த வெயிலில் என் இளைய மகன் மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு அணைக்கட்டுப் பக்கம் ஓடிவிட்டு வந்து நின்றான். உதடெல்லாம் வெடித்திருந்தது. சொம்பில் தண்ணீர் கொடுத்தேன். வாயைக் கொப்பளித்துத் துப்பிவிட்டான்!

"என்னய்யா இது?"

"நாளான்னிக்கு எடை பார்ப்பாங்கம்மா. அறுபதைத் தாண்டினா சேர்த்துக்க மாட்டாங்க. இன்னும் ரெண்டு கிலோ எறக்கணும்."

கல்லூரியில் 'முவாய் தாய்' பழகுகிறான். தாய்லாந்துக் குத்துச்சண்டை. இரண்டு முஷ்டி, முழங்கை, முழங்கால், கால் என்று எட்டு உறுப்பாலும் அடிக்கலாம். 2021-ல் சர்வதேச ஒலிம்பிக் கமிட்டியும் முழு அங்கீகாரம் கொடுத்துவிட்டது. உலக அமெச்சூர் போட்டிகளில் ஆண்களுக்கான 'லைட்வெயிட்' பிரிவு 60 கிலோ வரை. சம உடம்புக்காரர்கள் மோதட்டும் என்று வந்த ஏற்பாடு இது. பிள்ளைகளோ உடம்புத் தண்ணீரை வற்றவிட்டுக் கீழ்ப் பிரிவில் நுழையப் பார்க்கிறார்கள்.

2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் வினேஷ் போகட், 100 கிராம் கூடியதால் 50 கிலோ மல்யுத்த இறுதிப் போட்டியையே இழந்தது நமக்கு மறக்குமா? அதைவிடக் கொடுமை, 2015 டிசம்பரில் மணிலாவில் நடந்தது. சீன வீரர் யாங் ஜியான் பிங், வயது 21. எடை குறைக்கப் போய் உயிரையே விட்டார். அதன் பிறகுதான் அப்போட்டியை நடத்திய ஒன் சாம்பியன்ஷிப் நிறுவனம், நீரை வற்றவைத்து எடை குறைப்பதைத் தடை செய்து, சிறுநீர்ப் பரிசோதனையும் கொண்டுவந்தது.

தண்ணீர் குறைந்தால் ரத்தம் கெட்டியாகும்; உப்புச்சத்து தாறுமாறாகி இதயத் துடிப்பு தடுமாறும்; சிறுநீரகம் பாதிக்கும். வெயிலும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம்.

விளையாடும் பிள்ளைகள் உள்ள சகோதரிகள் கவனிக்க வேண்டியவை:

• எடை குறைய வேண்டுமானால் மாதக்கணக்கில் முன்பே தொடங்கட்டும். வாரம் அரைக் கிலோ போதும். எண்ணெய்ப் பலகாரத்தையும் இனிப்பையும் குறையுங்கள், தண்ணீரைக் குறைக்காதீர்கள்.

• பேதி மாத்திரை, சிறுநீர் மாத்திரை வேண்டவே வேண்டாம்.

• சிறுநீர் அடர் மஞ்சளாகப் போனாலே எச்சரிக்கை. மயக்கம், படபடப்பு, பேச்சில் குழறல் என்றால் உடனே டாக்டரிடம் ஓடுங்கள்.

என் வீட்டுக்காரர் பயிற்சியாளரிடம் நேரில் போய்ப் பேசினார். பையனை அடுத்த பிரிவான 63.5 கிலோவுக்கு மாற்றினார்கள். முதல் மோதலிலேயே தோற்றுப்போனான். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தவன், இரண்டு சொம்பு மோரை ஒரே மூச்சில் குடித்தான். எனக்கு அதுதான் பதக்கம்!