மூடாத துப்பாக்கி
கடைசி இரண்டு மில்லிமீட்டர் நகர மறுத்தால் பதக்கம் போகலாம், உயிரும் போகலாம்.

2021 ஜூலை 25. டோக்கியோ ஒலிம்பிக்கில் பெண்கள் 10 மீட்டர் ஏர் பிஸ்டல் தகுதிச் சுற்று. மனு பாக்கரின் துப்பாக்கி பாதியில் பழுதானது. 60 முறை சுட 75 நிமிடம்தான். பழுது பார்ப்பதில் கால் மணி நேரத்துக்கு மேல் கரைந்தது. கிடைத்தது 575 புள்ளி, 12-வது இடம். இரண்டே புள்ளியில் இறுதிச் சுற்று கைநழுவியது. 2024 பாரீஸில் அவர் வென்ற இரண்டு வெண்கலங்கள்தான் அந்தக் காயத்துக்கு மருந்து.

அது ஒவ்வொரு குண்டாகப் போட்டுச் சுடும் காற்றுத் துப்பாக்கி. போலீசும் ராணுவமும் இடுப்பில் செருகும் செமி ஆட்டோமேட்டிக் பிஸ்டலுக்கு வரும் நோய் வேறு. சுட்டதும் மேல்பகுதியான ஸ்லைடு பின்னே பாய்ந்து காலித் தோட்டாவை வெளியே எறிகிறது. ஸ்பிரிங் அதை முன்னே தள்ள, மேகசினிலிருந்து அடுத்த தோட்டா அறைக்குள் நுழைகிறது. சில சமயம் ஸ்லைடு முழுதாக மூடாமல் நின்றுவிடும். அப்போது விசையை எத்தனை முறை இழுத்தாலும் பிஸ்டல் வெடிக்காது. அது கோளாறு அல்ல, பாதுகாப்பு. பூட்டாத நிலையில் வெடித்தால் சுடுபவரின் கைக்கே ஆபத்து.

காரணம் பெரும்பாலும் அற்பமானது. அறையில் படிந்த கரி. தூசியோடு சேர்ந்து பசையாகிவிட்ட பழைய எண்ணெய். வருடக்கணக்கில் உழைத்துத் தளர்ந்த ஸ்பிரிங். நசுங்கிய தோட்டா. வாய் வளைந்த மேகசின். ஸ்லைடை இழுத்து அப்படியே விடாமல், கையால் மெதுவாகக் கொண்டுபோய் மூடும் பழக்கமும் உண்டு. அதில் ஸ்பிரிங்கின் வேகம் செத்துவிடும்.

நோயைக் கண்டுபிடிப்பதிலும் ஒழுங்கு உண்டு. குழல் பாதுகாப்பான திசையில் இருக்க, முதலில் மேகசினைக் கழற்ற வேண்டும். பிறகு ஸ்லைடை இழுத்து அறை காலியா என்று கண்ணாலும் விரலாலும் பார்க்க வேண்டும். துடைத்து எண்ணெயிட்ட பிறகும் தொல்லையா? மேகசினை மாற்றிப் பார்க்கலாம். தொல்லை போனால் குற்றவாளி மேகசின். வேறு தோட்டாவில் சரியானால் தோட்டா. எதிலும் தீரவில்லையென்றால் ஸ்பிரிங் மீது சந்தேகம் விழும்.

செய்யக்கூடாதது, உள்ளங்கையால் ஓங்கித் தட்டி மூடுவது. சிக்கிய தோட்டாவின் ஈயமுனை உள்ளே அமுங்கினால், சுடும்போது அழுத்தம் எகிறும். முந்தைய வெடியோசை மந்தமாகக் கேட்டிருந்தால் உடனே நிறுத்த வேண்டும். குழலில் ஒரு குண்டு சிக்கியிருக்கலாம். அடுத்தது குழலையே பிளக்கும்.

போட்டியில் இன்னொரு கண்டிப்பு. 2012 லண்டனில் விஜய் குமார் வெள்ளி வென்ற 25 மீட்டர் ரேபிட் ஃபயரில், கடைசிக் கட்டத்தில் ஐந்து இலக்குகளை நான்கே வினாடியில் சுட வேண்டும். துப்பாக்கி மக்கர் செய்தால் குழலை இலக்கின் பக்கமே வைத்து, மறு கையைத் தூக்க வேண்டும். அதிகாரி வருமுன் அவசரப்பட்டுத் திறந்தால் மறுவாய்ப்பு கிடையாது.

லைசென்ஸ் துப்பாக்கி வைத்திருப்பவர்களுக்கும் இதில் பாடம் உண்டு. துடைப்பது, எண்ணெய் போடுவது வரைதான் உங்கள் வேலை. அதற்கு மேல் கை வைக்க, 1959-ம் வருட ஆயுதச் சட்டப்படி பழுது பார்க்கும் உரிமம் பெற்றவரிடம் போக வேண்டும். படைப்பிரிவில் அந்த வேலை ஆர்மரருடையது. ஒரு சின்ன ஸ்பிரிங்கைக் காலத்தில் மாற்றாத சோம்பல், சுட்டே ஆக வேண்டிய அந்த ஒரு வினாடியில்தான் தெரியவரும்.