முக்குளிப்புக் காலணி நாறுகிறதா? கடலைக் குறை சொல்லாதீர்கள்

பெர்ஹெந்தியான் தீவில் இரண்டு நாள் ஸ்கூபா முக்குளிப்பு. ஞாயிறு மதியம் படகேறி கோல பெசுட் வந்ததும், ஈரக் காலணியை ஒரு பிளாஸ்டிக் பையில் முடிந்து காரின் பின்பக்கம் போட்டாகிவிட்டது. கோலாலம்பூர் வந்து சேர இரவாகிவிடுகிறது. திங்கட்கிழமை வேலை. செவ்வாய் மாலை பையைப் பிரித்தால் வீட்டில் அனைவரும் மூக்கைப் பிடிக்கிறார்கள்.

முக்குளிக்கப் பழகிய நம் இளையர்கள் பலருக்கு இது தெரிந்த அனுபவம்தான். “கடல் தண்ணி பட்டா அப்படித்தான்” என்பார்கள் அம்மாக்கள். உண்மையில், அந்தப் பைக்குள் கழிந்த இரண்டு நாள்தான் பெரும்பாலான நாற்றத்துக்குக் காரணம்.

நாற்றம் எப்படி வருகிறது?

இந்தக் காலணி நியோபிரின் எனும் செயற்கை ரப்பரால் ஆனது. 1930ஆம் ஆண்டு அமெரிக்காவின் டூபாண்ட் நிறுவன ஆய்வுக்கூடத்தில் கண்டுபிடிக்கப்பட்டது. நம் தாத்தா பாட்டி பால் மரம் சீவி எடுத்த இயற்கை ரப்பருக்கு இது ஒன்றுவிட்ட தம்பி என்று சொல்லலாம்.

நியோபிரினுக்குள் நுண்ணிய வாயுக் குமிழ்கள் மூடிய நிலையில் இருக்கும். அதனால் ரப்பர் பகுதி அதிகம் தண்ணீர் குடிக்காது. அதன்மேல் ஒட்டியிருக்கும் நைலான் துணிதான் குடிக்கும். கால் வியர்வையும் உதிர்ந்த தோலும் அந்தத் துணியில் தங்குகின்றன. பாக்டீரியா அவற்றைத் தின்று அமிலங்களை வெளியிடுகிறது. நாம் முகர்வது அதைத்தான். கடல்நீரில் இருக்கும் நுண்ணுயிர்களும் துணியில் சிக்கி அழுகும். வெளியே சொல்லக் கூச்சப்படும் இன்னொரு காரணமும் உண்டு. கடலுக்கடியில் உடைக்குள்ளேயே சிறுநீர் கழிப்பவர்கள் உண்டு. அது நேராகக் காலணியில்தான் இறங்கும்.

தீவிலேயே தொடங்குங்கள்

முக்குளிப்புக் கடைகளில் எல்லாரும் சாமான்களை முக்கி எடுக்கும் பொதுத் தொட்டி இருக்கும். அதில் உப்பு போகும். ஆனால் மற்றவர்களின் அழுக்கு வந்து சேரும். ஆகவே, கடைசியாக ஒருமுறை குழாய்த் தண்ணீரில் அலசுங்கள். ஜிப்பை முழுதாகத் திறந்து, விரல் நுனிப் பகுதிவரை கையை விட்டுத் தேய்த்து மணலைக் கொட்டுங்கள்.

ஊர் திரும்பும்போது பிளாஸ்டிக் பை வேண்டாம். வலைப்பை அல்லது திறந்த வாளி போதும்.

வீட்டில் கழுவும் முறை

ஒரு வாளி சாதாரணத் தண்ணீரில் சிறிது குழந்தை ஷாம்பு கலந்து அரை மணி நேரம் ஊற வையுங்கள். பழைய பல் துலக்கும் பிரஷால் உட்பக்கத்தைத் தேய்த்து, நுரை நிற்கும்வரை அலசுங்கள்.

நாற்றம் ஏற்கெனவே ஏறிவிட்டதா? ஒரு பங்கு வெள்ளை வினிகருக்கு நான்கு பங்கு தண்ணீர் கலந்து அரை மணி நேரம் ஊற வைத்து அலசலாம். முக்குளிப்புக் கடைகளில் விற்கும் நொதி கலந்த திரவம் இன்னும் நல்லது. அது அழுக்கையே சிதைக்கும். வாசனைத் திரவியம் தெளித்தால் இரண்டு வாசனையும் சேர்ந்து வரும், அவ்வளவுதான்.

குளோரோக்ஸ் போன்ற வெளுப்பான் கூடவே கூடாது. அது நியோபிரினைக் கெடுக்கும். வினிகரோடு சேர்ந்தால் நச்சுவாயு கிளம்பும். கொதிநீரும் உலர்த்தும் இயந்திரமும் தையல் பசையை இளக்கிவிடும்.

காய்ந்தால்தான் கழுவியதற்குப் பலன்

வெயிலில் போட்டால் சீக்கிரம் காயும் என்று நினைக்கிறோம். ஆனால் நேரடி வெயிலில் நியோபிரின் இறுகி வெடிக்கும். நிழலில், காற்றாடிக்கு முன்னால், திறந்து வையுங்கள். மழைக்காலத்தில் பள்ளிச் சப்பாத்துக்குள் நாளிதழைத் திணித்து வைத்தோமே, அதே வேலைதான் இங்கும். தாள் நனைந்ததும் மாற்றுங்கள். மெல்லிய காலணியானால் உள்பக்கம் வெளியே திருப்பலாம். நம் ஊர் ஈரப்பதத்தில் ஒன்றிரண்டு நாள் பிடிக்கும். விரல் நுனிப் பகுதியைத் தொட்டுப் பார்த்து ஈரம் இல்லையென்றால்தான் எடுத்து வைக்க வேண்டும்.

வடகிழக்குப் பருவமழையின்போது, நவம்பர் முதல் பிப்ரவரிவரை, கிழக்குக்கரைத் தீவுகளில் பெரும்பாலான தங்குமிடங்கள் மூடிவிடும். காலணியும் அலமாரியில் மாதக்கணக்கில் தூங்கும். அரைகுறை ஈரத்தோடு வைத்தால் பூஞ்சணம் நிச்சயம். சப்பாத்துப் பெட்டியில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களை எறியாமல் உள்ளே போடுங்கள்.

காலைக் கவனியுங்கள்

ஈரக் காலணி விரலிடுக்கில் சேற்றுப்புண்ணை வரவழைக்கும். வாடகைக் காலணி போடுபவர்கள் உள்ளே மெல்லிய காலுறை அணிவது நல்லது.

நீரிழிவு உள்ளவர்களுக்கு இது இன்னும் முக்கியம். மலேசியாவில் மற்ற இனத்தவரைவிட இந்தியர்களிடையே நீரிழிவு அதிகம். பாதத்தில் உணர்ச்சி குறைந்திருந்தால் பவளப்பாறை கீறியதே தெரியாது. காலணியைக் கழற்றியதும் பாதத்தையும் விரலிடுக்கையும் துடைத்துப் பாருங்கள். புண் இருந்தால் தள்ளிப்போடாமல் கிளினிக்குக்குப் போங்கள்.

கடல் பக்கமே போகாதவர்களுக்கும் இது உதவும். செம்பனைத் தோட்டத்தில் அப்பா போடும் ரப்பர் பூட்ஸ், தொழிற்சாலையில் அண்ணன் போடும் பாதுகாப்புச் சப்பாத்து, இரண்டிலும் ஈரமும் வியர்வையும் அடைபட்டுத்தான் நாற்றம் பிறக்கிறது. இன்றிரவு அவற்றுக்குள்ளும் கொஞ்சம் பழைய நாளிதழைத் திணித்து, வாசலில் காற்றாட வையுங்கள்.