உம்மாவின் கைபேசியும் ஒரு திருப்புளியும்

உம்மாவின் கைபேசி அரை நாள்கூட நிற்கவில்லை. 1990 ஒக்டோபரில் இங்கிருந்து வெளியேற்றப்பட்ட பின் எங்கள் உறவினரில் பாதிப்பேர் புத்தளத்திலேயே தங்கிவிட்டனர். உம்மம்மாவின் முகத்தைப் பார்த்துப் பேசுவது அந்தக் கைபேசியில்தான். 2022 இல் ரூபா விழுந்த பின் புதிது வாங்குவதும் இலேசான காரியமில்லை. கடையில் கொடுத்தால் கடவுச்சொல்லைக் கேட்பார்கள். வீட்டுப் பெண்களின் படங்களெல்லாம் அதற்குள் இருக்க உம்மா எப்படிக் கொடுப்பார்? "நானே பற்றரியை மாற்றுகிறேன்" என்றேன்.

நான் செய்த முதற்பிழை, முப்பதுக்கு மேற்பட்ட முனைகள் கொண்ட மலிவான கருவிப் பெட்டியை வாங்கியது. இரண்டாவது திருகாணியிலேயே முனை உருண்டு, ஆணியின் தலையும் மழுங்கிவிட்டது. பழைய இரும்பு வியாபாரம் செய்யும் வாப்பா முனையைத் தடவிப் பார்த்துவிட்டு, "எண்ணிக்கைக்குத்தான் காசு குடுத்திருக்கிறாய் மகள், இரும்புக்கில்லை" என்றார்.

ஆகவே தோழிகளே, முதலில் உங்கள் கைபேசியின் திருகாணித் தலையைப் பாருங்கள். பெரும்பாலான அன்ட்ரொயிட் கைபேசிகளுக்குள் இருப்பது கூட்டல் குறித் தலை, பி.எச். 00, பி.எச். 000 என்ற இரண்டு முனைகள் போதும். ஐபோனின் அடியில் ஐந்து இதழ்ப் பூப்போன்ற தலை, அதற்கு 0.8 மில்லிமீற்றர் பென்டலோப் முனை வேண்டும். முனை தலைக்குள் ஆடக் கூடாது. ஆடினால் விசை முழுப் பரப்பிலும் படாமல் விளிம்பில் மட்டும் விழும். உலோகம் தேய்வது அங்கேதான். நன்றாகக் கீழே அழுத்திக்கொண்டு மெதுவாகத் திருப்ப வேண்டும். மழுங்கிய ஆணியை, இடையில் இறப்பர் பட்டித் துண்டொன்றை வைத்து அழுத்தித் திருப்பிக் கழற்றினேன்.

மூடியைத் திறக்க, பசையை இளக்கத் தலைமுடி உலர்த்தியும் பிளாஸ்டிக் தகடும் போதும். சமையலறைக் கத்தி வேண்டவே வேண்டாம். இலிதியம் பற்றரியைக் கீறினால் உள்ளே குறுஞ்சுற்று ஏற்பட்டுத் தீப்பிடிக்கும். மின்னேற்றம் கால்வாசிக்குக் கீழே இறங்கிய பின், கைபேசியை அணைத்துவிட்டே தொடங்குங்கள். பற்றரி வீங்கியிருந்தால் தொடாதீர்கள், மின்னேற்றவும் வேண்டாம்.

இன்னொரு கருவிக்குக் காசே இல்லை: ஒரு வெள்ளைத் தாள். அதில் கைபேசியை வரைந்து, கழற்றும் ஆணியை அதனதன் இடத்தில் ஒட்டி வையுங்கள். நீளமான ஆணியைக் குட்டை ஆணியின் துளையில் பூட்டினால் மின்சுற்றுப் பலகையைக் குத்திவிடும்.

தம்பியின் டெப்லட்டில் நான் கை வைக்கவில்லை. அதைத் திரைப் பக்கமாகத்தான் திறக்க வேண்டும். அகலக் கண்ணாடி வெடித்தால் முதலுக்கே மோசம். பலகையில் ஈயம் ஒட்டும் வேலையும் கடைக்குரியது. புதிய சாம்சுங் கைபேசிகள் பலவற்றில் 'மெயின்ரனன்ஸ் மோட்' என்றொரு வசதி உண்டு. அதைப் போட்டுக் கொடுத்தால் படங்களும் செய்திகளும் திருத்துபவருக்குத் தெரியாது. உம்மாவின் பழைய கைபேசியில் அது இல்லை. ராத்தாவின் கைபேசியில் இருக்கிறது. அன்றிரவே தேடிக் காட்டிக் கொடுத்தேன்.